சாரல் ஊரில் ராக் கச்சேரிப் படம்: வீட்டில் பார்க்க ஒரு வழிகாட்டி

கச்சேரிப் படத்தில் கதை கிடையாது. ஒரு குழு வாசித்ததைக் கேமராக்களும் ஒலிவாங்கிகளும் பதிந்து வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே வீட்டில் அதைப் பார்க்க ஏற்பாடு செய்கிறவர், டிவி எத்தனை அங்குலம் என்று யோசிப்பதற்கு முன்னால், ஒலி எங்கிருந்து வருகிறது, அறைக்குள் அது என்ன ஆகிறது, அதற்குப் போட்டியாக வேறு என்னென்ன சத்தங்கள் இருக்கின்றன என்று கவனித்தாக வேண்டும். செங்கோட்டை, புளியரை, பிரானூர் வட்டாரத்திலும், ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிப் புனலூர் வரையிலும் குடியிருக்கும் நமக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஆனியில் தொடங்கும் சாரல், ஆடிக் காற்று, ஓட்டுக் கூரை, நினைத்த நேரத்தில் போய்வரும் கரண்டு ஆகிய நான்கையும் கணக்கில் எடுக்காமல் எழுதப்பட்ட எந்த வழிகாட்டியும் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு உதவாது.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டால் பேச வசதியாக இருக்கும். பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1971 அக்டோபரில் இத்தாலியின் பாம்பெய் நகரத்துப் பழைய ரோமானிய அரங்கில் வாசித்ததை வைத்து ஏட்ரியன் மேபன் இயக்கிய படம் 1972இல் வெளிவந்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்துபோன ஊர் அது. அரங்கில் பார்வையாளர் என்று யாரும் இல்லை. நால்வரும் கருவிகளும் படக்குழுவும் வெயிலும் மட்டும்தான். கூட்டத்தின் கூச்சல் இல்லாத காரணத்தால், ஒலி அமைப்பைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான ராக் படம் கிடைப்பது அரிது. அரங்கில் படமானவை மூன்று பாடல்களே. மற்றவற்றைப் பின்னர் பாரிஸ் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்துச் சேர்த்தார்கள். இந்த வேறுபாட்டை முதல் முறை பார்க்கும்போதே காதால் கண்டுபிடிக்க முடிந்தால், உங்கள் ஏற்பாடு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

எந்தப் பதிப்பு

ஒரே படம் பல உருவங்களில் உலவுகிறது என்பதை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். பாம்பெய் படத்துக்கு, வெறும் கச்சேரி மட்டும் உள்ள ஒரு மணி நேர வடிவம் உண்டு. லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் அடுத்த இசைத்தட்டுக்காக அவர்கள் உழைத்த காட்சிகளையும் பேட்டிகளையும் சேர்த்து 1974இல் வந்த நீண்ட வடிவம் உண்டு. கணினி வரைகலையும் விண்வெளிக் காட்சிகளும் இடையிடையே புகுத்தப்பட்ட 2003ஆம் ஆண்டு டிவிடி வடிவமும் உண்டு. 2025இல் 35 எம்எம் மூல நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் புதுப்பித்து, இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் புதிதாக ஒலிக்கலவை செய்த பதிப்பு வெளியானது. கையில் காசு இருந்தால் இந்தக் கடைசிப் பதிப்பை வாங்குங்கள். 2003ஆம் ஆண்டு வடிவத்தில் கிடார் உச்சிக்குப் போகும் நேரத்தில் ஒரு கோள் சுழன்றுகொண்டு வருவதை நான் ஒருநாளும் ரசித்ததில்லை.

பழைய டிவிடியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி முக்கியமானது. இந்தியாவில் விற்ற டிவிடிகளில் பல, ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் அமைந்தவை. அதில் வினாடிக்கு 25 ஃபிரேம்கள் ஓடும். சினிமா ஃபிலிமில் வினாடிக்கு 24 ஃபிரேம் என்று எடுத்த படத்தை அதில் ஏற்றும்போது பெரும்பாலும் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். கூட்டப்படுவது நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேலே. இரண்டு மணி நேரப் படம் 1 மணி 55 நிமிடச் சில்லறையில் முடிந்துவிடும். கதைப் படத்தில் இதை யாரும் உணர்வதில்லை. ஆனால் கச்சேரிப் படத்தில் சுருதி ஏறிவிடுகிறது. சுருதியைத் தனியே சரிசெய்யாமல் விட்டிருந்தால், ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் மேலே போய்விடும். நாதஸ்வரமோ ஆர்மோனியமோ பழகிய காது உள்ளவர் வீட்டில் இருந்தால், படத்தின் ஒரு பாடலையும் அதே குழுவின் ஒலித்தட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். அவர் இரண்டாவது வரிக்குள் சொல்லிவிடுவார். ப்ளூ-ரே தட்டு 24 ஃபிரேமாகவே ஓடக்கூடியது என்பதால் அதில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. தொலைக்காட்சிக்காகத் தொடக்கத்திலிருந்தே 25 ஃபிரேமில் எடுத்த பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளுக்கும் இல்லை.

இணையத்தில் பார்ப்பதென்றால் வேகம் குறையும் நேரத்தில் படத்தின் தரம் மட்டுமல்ல, சில செயலிகளில் ஒலியின் தரமும் சேர்ந்து இறங்கும். இறக்கி வைத்துக்கொண்டு பார்க்க அனுமதி உள்ள சேவையானால் முந்தின இரவே இறக்கி வைத்துவிடுவது நல்லது. காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் இங்கே கேபிள் வழி வரும் இணையத்தை நம்பி ஒரு மாலையை ஒதுக்க முடியாது.

ஒலிபெருக்கிகள்

டிவிக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் ராக் கச்சேரி கேட்பது வீண். அவை பெரும்பாலும் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்தபடி இருக்கும். பேஸ் கிடாரின் அடிச்சுரங்கள் அவற்றில் பிறப்பதே இல்லை. அதற்காகப் பெரிய செலவும் தேவையில்லை. நல்ல இரண்டு ஸ்டீரியோ ஒலிபெருக்கிகளும், அவற்றுக்கு ஒலியை வலுப்படுத்தி அனுப்பும் ஓர் ஆம்பும் போதும். கச்சேரிப் படத்துக்கு ஐந்து ஒலிபெருக்கியும் ஒரு பேஸ் பெட்டியும் கொண்ட மலிவான 5.1 செட்டைவிட அவை நிச்சயம் மேல். நம் கடைத்தெருக்களில் கட்டித் தரும் அசெம்பிள் செட்டும் பழுதில்லை. ஆனால் அதில் பேஸ் குமிழ் எப்போதும் முழுதாகத் திருகியே வைக்கப்பட்டிருக்கும். அதை நடுவுக்குக் கொண்டுவருவதே முதல் வேலை.

வைக்கும் முறை எளியது. இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் நீங்கள் உட்காரும் இடத்துக்குள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். சிறிய ஒலி வட்டு, அதாவது ட்வீட்டர், உட்கார்ந்தவரின் காது உயரத்துக்கு வர வேண்டும். தரையில் பாய் விரித்து உட்காருகிற வீடானால் பெட்டிகளையும் அதற்கேற்பத் தாழ்த்தி வையுங்கள். நம்மில் பலர் இடம் அடைக்காமல் இருக்கட்டும் என்று பெட்டிகளைச் சுவர் மூலையில் ஒட்டி வைத்துவிடுகிறோம். மூலையில் அடிச்சுரம் தடித்து ஊதிப்போகும். பேஸ் கிடாரும் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மும் ஒன்றோடொன்று குழம்பி ஒரே இரைச்சலாகிவிடும். சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது அமைப்புப் பட்டியல். இரண்டே ஒலிபெருக்கி உள்ளவர்கள், தட்டின் மெனுவில் ஸ்டீரியோ ஒலித்தடம் தனியாக இருந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். 5.1 தடத்தைத் தேர்ந்துவிட்டு, அதை இரண்டாகச் சுருக்கும் பொறுப்பைப் பிளேயரிடம் விட்டால், பாடகர் குரலும் பின்பக்கக் கூட்டத்தின் ஆரவாரமும் எந்த அளவில் வந்து சேரும் என்பது அந்தப் பிளேயரின் மனம்போல. இரவு முறை, குரல் மேம்படுத்தல், செயற்கைச் சுற்றொலி ஆகிய மூன்றையும் அணைத்துவிடுங்கள். இரவு முறை மெல்லிய ஒலியை ஏற்றி வலிய ஒலியை இறக்குகிறது. பாம்பெய் படத்தில் ரோஜர் வாட்டர்ஸ் காங் என்ற பெரிய உலோகத் தட்டை அடிக்கும் இடத்தில் அந்த அடியும் அதன் பின் நீளும் ஓசையும் ஒரே உயரத்தில் தட்டையாகக் கேட்டால், இரவு முறை எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

ப்ளூடூத் வழியாக ஒலிபெருக்கியை இணைக்காதீர்கள். அதில் ஒலி தாமதித்து வருகிறது. ஐந்தில் ஒரு வினாடி வரைகூடப் பிந்தலாம். வசனக் காட்சியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இந்தப் பிசகு, குச்சி தோலில் பட்ட பிறகு சத்தம் வரும்போது எரிச்சலாகிவிடும். டிவியின் ஒலியை ஆம்புக்குக் கொண்டுபோக எச்டிஎம்ஐ ஏஆர்சி கம்பியோ ஆப்டிகல் கம்பியோ போட்டுக்கொள்ளுங்கள். கம்பியிலும் சிறு பிசகு இருக்கலாம் என்பதால் ஒரு சோதனை செய்ய வேண்டும். பாம்பெய் படத்தில் ‘ஒன் ஆஃப் தீஸ் டேஸ்’ பாடல் முழுக்கவே கேமரா பெரும்பாலும் டிரம்மர் நிக் மேசன் மேல்தான் நிற்கிறது. பாடல் சூடுபிடித்த இடத்தில் அவர் கையிலிருந்து ஒரு குச்சி நழுவிப் போய்விடுகிறது. தாளம் விடாமல், கண் இமைக்கும் நேரத்தில் வேறொன்றை எடுத்துக்கொண்டு தொடர்கிறார். அந்தப் பகுதியை இரண்டு முறை ஓட்டுங்கள். ஸ்னேர் டிரம்மின் மேல் குச்சி இறங்குவதும் ‘சடக்’ என்ற ஓசையும் ஒன்றாகச் சேர்கின்றனவா என்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். ஒலி முந்தினால் டிவியிலோ ஆம்பிலோ உள்ள ஒலித் தாமத அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒலி பிந்தினால் அந்த அமைப்பால் பெரும்பாலும் பயனில்லை. கணினியிலிருந்து விஎல்சி என்ற மென்பொருள் வழியாக ஓட்டுகிறவர்கள் ஒலியை முன்னோக்கியும் நகர்த்திக்கொள்ளலாம்.

அறையும் மழையும்

அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய பின் ‘கிர்’ரென்று ஓர் ஓசை நீண்டால் அறை வெறுமையாக இருக்கிறது. சிவப்பு ஆக்சைடு தரையும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள நம் பழைய வீடுகளிலும், டைல்ஸ் ஒட்டிய புது வீடுகளிலும் இது தவறாமல் கேட்கும். தரையில் கனத்த ஜமக்காளம் விரித்து, உட்காரும் இடத்துக்கு எதிர்ச்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் கம்பளியோ மெத்தை விரிப்போ தொங்கவிட்டால் பாதிக்கு மேல் அடங்கிவிடும். பிறகு அடிச்சுரம் மிகுந்த ஒரு பாடலைப் போட்டுவிட்டு வீட்டைச் சுற்றி நடந்து வாருங்கள். பீரோவின் கைப்பிடி, ஷோகேஸ் கண்ணாடி, அடுக்களையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் என்று ஏதாவது ஒன்று கூடவே பாடிக்கொண்டிருக்கும். கைப்பிடிக்குள் ஒரு துண்டுத் துணியும் சன்னல் கதவிடுக்கில் நான்காக மடித்த தாளும் செருகினால் போதும். இந்தச் சிறு வேலையைச் செய்யாமல் புது ஒலிபெருக்கி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மழை விஷயத்தில் என் கருத்து பலருக்கு மாறானது. கச்சேரிப் படம் பார்க்க நம் ஊரில் தலைசிறந்த காலம் சாரல் காலம்தான். சித்திரை, வைகாசியில் சன்னலைச் சாத்தினால் புழுங்கும். மின்விசிறியைப் போட்டால் அதன் இரைச்சல் பாடலின் மெல்லிய இடங்களை எல்லாம் தின்றுவிடும். சாரலில் விசிறி வேண்டாம், சன்னலையும் சாத்திக்கொள்ளலாம். பூந்தூறலாக விழுகிற மழை காங்கிரீட் வீட்டுக்குள் கேட்பதே இல்லை. ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையிலும் நிலைமை வேறு. மழை வலுத்தால் அதன் சத்தத்தோடு போட்டி போட்டு ஒலியை ஏற்றுவதில் அர்த்தமில்லை. நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள், அல்லது கம்பியுள்ள ஹெட்ஃபோனுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாலை இடியோடு வரும் மழைக்கு இந்தத் தயவும் கிடையாது. வானம் கறுத்தவுடன் பிளக்கையும் கேபிள் ஒயரையும் கழற்றிவிட வேண்டும். கோயில் கொடை நாள்களில் முயற்சியே வேண்டாம். பந்தலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிக்கு முன்னால் உலகத்தின் எந்த ராக் குழுவும் நிற்க முடியாது.

கரண்டு

பாம்பெய் அரங்கிலேயே மின்சாரம் படப்பிடிப்பைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. குழுவின் முழுக் கருவிகளுக்கும் போதுமான மின்சாரம் அங்கே கிடைக்காமல், ஊருக்குள்ளிருந்து நீண்ட கம்பி இழுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குள் கையிலிருந்த சில நாள்களும் வீணாயின. நமக்கு அந்த அளவு சிக்கல் இல்லை என்றாலும் இரண்டு விஷயங்கள் உண்டு. சதுர அலை இன்வெர்ட்டரில் ஆம்ப் ஓடினால் பாடலுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்ற ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். சைன் அலை இன்வெர்ட்டரில் அது பெரும்பாலும் இருக்காது. இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் யுபிஎஸ் என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள். கரண்டு போகிற நொடியில் டிவியும் பிளேயரும் அணைந்து, பாட்டின் நடுவில் மெனு பக்கம் வந்து நிற்பதை அது தடுக்கும்.

கரண்டு இருக்கும்போதும் இரைச்சல் கேட்டால் எர்த் சரியில்லை என்று சந்தேகிக்கலாம். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். பிறகு டிவியின் கேபிள் ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள். இரண்டில் ஒன்றில் பெரும்பாலும் நின்றுவிடும். இரைச்சல் நிற்கிறதே என்று மூன்றாவது பின்னை வெட்டிவிடுவது மட்டும் கூடாது. ஈரச் சுவர் உள்ள ஊரில் அது உயிருக்கு ஆபத்து.

படம்

திரையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ‘விவிட்’ முறையை விட்டு ‘சினிமா’ முறைக்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணையுங்கள். இல்லையென்றால் 1970களின் ஃபிலிம், நேற்று எடுத்த கல்யாண வீடியோ போலத் தோன்றும். திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும் பழைய படத்தை இழுத்து நிரப்பாதீர்கள். 1970இல் வந்த ‘வுட்ஸ்டாக்’ போன்ற படங்களில் திரையை இரண்டாக, மூன்றாகப் பிரித்துக் காட்டுவதால் அவற்றைக் கைபேசியில் பார்ப்பது அநியாயம்.

சத்தத்தின் அளவு

‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ படம் தொடங்கும்போதே, இதை உரக்க ஒலிக்கவிட வேண்டும் என்று திரையில் எழுதிக் காட்டுவார் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி. அந்தக் கட்டளைக்கு ஓர் எல்லை உண்டு. 85 டெசிபலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்பது பணியிடங்களுக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்கில் 91 டெசிபலில் இரண்டு மணி நேரப் படம் ஒன்றைப் பார்த்தால் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். கைபேசிச் செயலியில் உட்காரும் இடத்தில் அளந்து, சராசரி 80ஐத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் காதுக்கும் நல்லது, பாட்டுக்கும் போதும். அதற்கும் மிகத் தாழ்த்திக் கேட்பதிலும் இழப்பு இருக்கிறது. ஒலி குறையும்போது நம் காது அடிச்சுரங்களைத்தான் முதலில் தவறவிடுகிறது. குழந்தை தூங்குகிற வீட்டில் அந்த ஒரு சூழ்நிலைக்கு மட்டும் ஆம்பின் ‘லவுட்னஸ்’ பொத்தானை அழுத்திக்கொள்ளலாம்.

அடிச்சுரம் சுவரைத் தாண்டிப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகு மன்னிப்புக் கேட்பதைவிட, மாலையிலேயே போய், “அண்ணாச்சி, இன்னைக்கு ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் கொஞ்சம் பாட்டுச் சத்தம் கேக்கும், பொறுத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு வருவது முறை. ஆறரைக்குத் தொடங்கினால் சிக்கலே இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் சத்தத்துக்குச் சட்டப்படியும் கட்டுப்பாடு உண்டு.

உட்கார்ந்து பார்ப்பது

யாரை அழைப்பது என்பதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம். மூன்று, நான்கு பேருக்கு மேல் சேர்ந்தால் பேச்சுதான் ஓடும். வீட்டுப் பெரியவர்களும் உட்காருவதாக இருந்தால், பிங்க் ஃபிளாய்டுக்குப் பதிலாக, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 1971 ஆகஸ்ட் 1 அன்று வங்கதேச அகதிகளுக்காக ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் நடத்திய கச்சேரியின் படத்தைப் போடுங்கள். அதில் சிதாரும் சரோதும் சுருதி கூட்டி முடித்ததும் கூட்டம் அதையே பாட்டென்று நினைத்துக் கைதட்டும். சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்பார் ரவிசங்கர். சபாக் கச்சேரிக்குப் போய்ப் பழகிய எந்தப் பெரியப்பாவும் அந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க மாட்டார். அல்லா ரக்காவின் தபலாவில் லயித்துவிட்ட பிறகு, எரிக் கிளாப்டனின் கிடாருக்கும் அவர் தானாகவே காது கொடுப்பார்.

பார்டர் கடைப் பரோட்டாவை முன்னதாகவே தின்று முடித்துவிடுங்கள். வாழையிலை மேல் சுற்றிய செய்தித்தாள் சரசரப்பதும் சால்னாப் பொட்டலத்தை அவிழ்ப்பதும், ‘எக்கோஸ்’ தொடங்கும்போது தனியாக ஒலிக்கும் அந்த ஒற்றைப் பியானோச் சுரத்துக்குப் பகை. பாடல் வரிகளுக்கான எழுத்துகளை முதல் முறை அணைத்து வையுங்கள். கண் வரிக்குப் போனால் கை விரலைப் பார்க்காது. ஆபி ரோடு பேட்டிகளுக்கு மட்டும் அவற்றைப் போட்டுக்கொள்ளலாம். இங்கிலாந்துக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவதை நாம் பிடிப்பது கடினம். பாட்டின் நடுவில் நிறுத்தக் கூடாது. யாராவது எழுந்து போக வேண்டியிருந்தால், ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்கும் முன்னால் போகட்டும்.

இரண்டாவது முறை பார்ப்பதாக இருந்தால், ஒரே கருவியைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். பாம்பெயில் எல்லோரும் கில்மோரின் கிடாரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ரிக் ரைட்டின் ஆர்கனைத் தேர்ந்தெடுங்கள். ‘எக்கோஸ்’ பாட்டில் இருவர் குரலும் இணைந்து போகும் வரிகளில் ரைட்டின் குரல் எது என்று பிரித்தறியப் பாருங்கள். அதற்கு முன், வலது இடது ஒலிபெருக்கிக் கம்பிகள் மாறிச் செருகப்படாமல் இருக்கின்றனவா என்பதை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு உட்காருங்கள்.